ஷட்டருக்குப் பத்திரிகை வைத்த மாமன்மார்

கொழிஞ்சிப்பாளையத்துக்காரர்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். எங்கள் ஊர்க்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள், அவ்வளவுதான். சொன்னவர் என்ன நினைத்துக்கொண்டு சொன்னார் என்று துருவிப் பார்ப்பது மரியாதைக் குறைச்சல் என்று வளர்ந்தவர்கள். போன ஆனியில் மகுடீஸ்வரன் கல்யாணத்தன்று நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

மகுடீஸ்வரனுக்குத் தாய்மாமன்கள் மூன்று பேர். மூத்தவர் பொங்கியண்ணன், அடுத்தவர் அர்த்தநாரி, கடைசி சென்னியப்பன். மூவரும் எந்தக் காரியத்தையும் கலந்து பேசாமல் செய்யமாட்டார்கள். கலந்து பேசியபின் காரியத்தைச் செய்ய நேரம் இருக்காது. ஆனாலும் அக்கா மகன் மேல் உயிரையே வைத்திருந்தார்கள், அதில் சந்தேகமே இல்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை கல்யாணத்துக்குப் புறப்படும்போது, அவன் வெளியேறும் கதவைத் தாய்மாமன் தன் கையால் திறந்துவிட வேண்டும். மாட்டுவண்டிக் காலத்தில் படலைத் திறந்தார்கள், அப்புறம் இரும்பு கேட்டைத் திறந்தார்கள். மகுடீஸ்வரன் வீட்டில் கார் இருந்தது. ஆகவே மாமன்மார் மூவரும் சேர்ந்து, காருக்கு ஒரு ஷெட் கட்டி, அதற்கு ரிமோட்டில் ஏறி இறங்கும் ஷட்டரும் மாட்டி, அதையே சீராகக் கொடுத்துவிட்டார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் உறவுக்காரர்கள் ஒவ்வொருத்தராக வந்து இறங்க, ஒவ்வொருத்தருக்கும் ஷட்டரை ஒருமுறை தூக்கி ஒருமுறை இறக்கிக் காட்டினார்கள். வந்தவர்கள் நூற்று அறுபது பேர். கடைசி ஆளுக்குக் காட்டும்போது ரிமோட்டின் விளக்கு மினுக்கி மினுக்கித்தான் எரிந்தது.

"வெக்கப்படுது," என்றார் பொங்கியண்ணன்.

மறுநாள் திங்கட்கிழமை. முகூர்த்தம் ஒன்பது மணியிலிருந்து பத்தரை வரை. மண்டபம் எட்டு கிலோமீட்டர். வீட்டார் எல்லாரும் விடியும்போதே மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை கடைசியாகத்தான் மாமன்மாரோடு புறப்பட வேண்டும். இந்த முகூர்த்தத்தை விட்டால் ஆடி பிறந்துவிடும், அப்புறம் ஆவணிதான். மகுடீஸ்வரனுக்கு வயது முப்பத்து நாலு. பெண் கோகிலவாணியின் ஜாதகம் பொருந்துவதற்கு முன் பதினேழு ஜாதகங்கள் தட்டிப் போயிருந்தன. ஆவணிக்குள் பெண் வீட்டார் மனசு மாறிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, அவன் ஏழு மணிக்கே பட்டுவேட்டியும் மாலையுமாகப் பக்கவாட்டுக் கதவு வழியாக ஷெட்டுக்குள் போய், காரின் பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டான். முன்சீட்டில் டிரைவர் பழனிக்குமார் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்தார்.

வெளியே மாமன்மார் ஷட்டருக்கு எதிரே வரிசையாக நின்றார்கள். முதல் சிக்கல் அங்கேயே வந்தது. பொத்தான் ஒன்று, மாமன் மூன்று.

"பெருவெரல் மேல பெருவெரலை வெச்சு மூணு பேருமே அமுக்கிரலாம்," என்றார் பொங்கியண்ணன்.

"அடியில இருக்கறது உங்க வெரலுங்கண்ணா. பொத்தானைத் தொடறது அதுதான். அப்பத் தொறந்தது நீங்கன்னு ஆயிரும்," என்றார் அர்த்தநாரி.

"மேல இருக்கறது என்ற வெரலு. அமுக்கறது அதுதானுங்களே. அப்பத் தொறந்தது நானு," என்றார் சென்னியப்பன்.

"அப்ப நடுவுல நான் எதுக்கு?"

"நீ இல்லீன்னா அவன் அமுக்கறது எனக்கு எப்பிடிடா வந்து சேரும்?" என்றார் பொங்கியண்ணன். அர்த்தநாரிக்கு மனசு நிறைந்துவிட்டது. மூவரும் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு அமுக்கினார்கள். ஷட்டர் அசையவில்லை.

ஷட்டர் மாட்டிய மெக்கானிக் சாதிக்குக்குப் போன் போட்டார்கள். அவர் வெளியூரில் வேறொரு வேலையில் இருந்தார்.

"பேட்டரி தீந்திருக்கும்ணா. கடையில இதே மாதிரி ஒண்ணு வாங்குங்க, போட்டு அமுக்கிப் பாருங்க. தொறக்குதான்னு பாத்துட்டுக் கூப்புடுங்க."

சென்னியப்பன் ரிமோட்டை எடுத்துக்கொண்டு ஆறு தெரு தள்ளியிருக்கும் ஃபேன்ஸி ஸ்டோருக்கு ஓடினார். ஒரு பேட்டரியை வாங்கினார், போட்டார், அமுக்கினார். சாதிக் சொன்னது இவ்வளவும்தான். அடுத்தது தொறக்குதா என்று பார்க்க வேண்டும். கடையிலிருந்து ஷட்டர் தெரியாததால் ஷட்டருக்கு முன்னால் நின்ற அர்த்தநாரிக்குப் போன் செய்தார்.

"தொறந்துச்சுங்களாண்ணா?"

"இல்லடா."

"இது செத்த பேட்டரிங்க, வேற குடுங்க," என்றார் கடைக்காரரிடம். அடுத்ததைப் போட்டு அமுக்கினார். அதுவும் திறக்கவில்லை. இப்படிக் கடையிலிருந்த பதினோரு பேட்டரிகளையும் ஒன்றுவிடாமல் சோதித்தார். பதினொன்றும் செத்தவை. கடைக்காரரும் கொழிஞ்சிப்பாளையத்துக்காரர்தான். செத்ததை வைத்து இத்தனை நாள் வியாபாரம் செய்திருக்கிறோமே என்று கூனிக்குறுகி, அத்தனையையும் குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டுச் சென்னியப்பனிடம் மன்னிப்புக் கேட்டார். சென்னியப்பன் பெருந்தன்மையோடு மன்னித்து, பழைய பேட்டரியையே ரிமோட்டில் போட்டுக்கொண்டு திரும்பினார். செத்ததுதான் என்றாலும் சீர்ப் பேட்டரி அல்லவா!

மணி எட்டே முக்கால். சாதிக்குக்கு இரண்டாவது போன்.

"பதினொண்ணுமா வேலை செய்யல?" என்றார் சாதிக். "அப்பச் சிக்னல் போகலைண்ணா. ரிமோட்டுக்கும் உள்ள இருக்கற மோட்டாருக்கும் நடுவுல ஏதாச்சும் மறைச்சுட்டு நிக்குதான்னு பாருங்க."

மூவரும் பார்த்தார்கள். பந்தல்கால் இல்லை, வாழைமரம் தள்ளித்தான் கட்டியிருந்தது. பொங்கியண்ணன்தான் கண்டுபிடித்தார்.

"ஷட்டர் நிக்குது."

"அட ஆமாங்கண்ணா! முழுசா மறைச்சுட்டு நிக்குது!"

"அப்ப ஷட்டரை எடுத்துட்டாத்தான் ஷட்டர் தொறக்கும்."

"எடுக்கறதுக்கு மொதல்ல தொறக்கணுமுங்களே."

"தொறக்கறதுக்கு மொதல்ல எடுக்கணுமேடா."

இந்தப் பேச்சு அரை மணிநேரம் நடந்தது. உள்ளே காரில் வேர்த்துக்கொண்டிருந்த மகுடீஸ்வரனுக்கும் எல்லாம் கேட்டது. அவனும் எங்கள் ஊர்க்காரன்தான், மாமன்மார் சொன்ன இரண்டும் அவனுக்குச் சரியாகவே பட்டது. கடைசியில் அர்த்தநாரி, நாம் உள்ளே போய்விட்டால் ஷட்டர் நடுவில் நிற்காதே என்றார். அப்படி ஒரு மூளை அவருக்கு. மூவரும் பக்கவாட்டுக் கதவு வழியாக ஷெட்டுக்குள் போய், மோட்டாரைப் பார்த்து அமுக்கினார்கள். அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை.

மூன்றாவது போன். "உள்ளதான நிக்கறீங்க? சுவத்துல பச்சைப் பொத்தான் ஒண்ணு இருக்கும் பாருங்க. அதை அமுக்குங்கண்ணா, வேலை முடிஞ்சுது," என்றார் சாதிக்.

சென்னியப்பன் அமுக்கினார். கடகடவென்று ஷட்டர் மேலே ஏறியது! வெயில் உள்ளே வந்து விழுந்தது. பழனிக்குமார் கண் விழித்துக் காரைக் கிளப்பினார். மகுடீஸ்வரனுக்கு அழுகையே வந்துவிட்டது. காரின் மூக்கு வெளியே எட்டிப் பார்த்தபோது பொங்கியண்ணன் கையைக் குறுக்கே நீட்டினார்.

"நில்லுங்க. இப்பத் தொறந்தது ஆரு?"

"பச்சைப் பொத்தானுங்கண்ணா."

"அது ஆரோடது?"

"சுவத்தோடதுங்க."

"சுவரு மகுடீஸ்வரனுக்கு மாமனா?"

மூவரும் யோசித்தார்கள். பழனிக்குமாரும் யோசித்தார், அவருக்கு நாள் சம்பளம். சுவர் கட்டியது கொத்தனார், அவர் எந்த வகையிலும் சொந்தமோ ஒறம்பரையோ இல்லை. நாளைக்கு யாராவது, உன்னைச் சுவர்தானே வழியனுப்பியது என்று பிள்ளையைக் கேட்டுவிட்டால் அவன் எங்கே முகத்தை வைத்துக்கொள்வான்? காரை உள்ளே தள்ளினார்கள். அதே பச்சைப் பொத்தானை அமுக்கி ஷட்டரை இறக்கினார்கள். மணி ஒன்பதரை.

அந்த நேரம் பார்த்து மண்டபத்திலிருந்து கோகிலவாணி போன் செய்தாள். அவள் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். அறுபது பேரை வேலை வாங்குகிறவள்.

"ஏனுங்க, இன்னும் கெளம்பலீங்களா? ஐயர் கூப்புட்டுட்டே இருக்கறாரு."

"ஷட்டர் தொறக்கல கோகிலா. அப்புறம் தொறந்துருச்சு."

"அப்ப வாங்க."

"மூடிட்டோம்."

"ஏன்?"

"தொறந்தது மாமா இல்ல. சுவரு."

பதினேழு பேர் தட்டிவிட்டுப் போன ஜாதகம் நமக்கு ஏன் பொருந்தியது என்று அவள் யோசித்திருக்கலாம். ஆனால் பெண் பார்க்க வந்த அன்று, காப்பி சூடாக இருக்கிறது, ஆறட்டும் என்று அவள் சொன்னதற்காக, எல்லாரும் எழுந்து போனபின்னும் டம்ளரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவன் அவன். அவளுக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். போனை வைத்தாள்.

ஷெட்டில் நாலாவது போன் நடந்துகொண்டிருந்தது. சுவரெல்லாம் வேண்டாம், ரிமோட்டில் திறக்க வழி சொல் என்று பொங்கியண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"அப்ப மோட்டார் இந்த ரிமோட்டை மறந்திருக்கும்ணா," என்றார் சாதிக். "சில சமயம் மறந்துரும். மறுபடி ஞாபகப்படுத்தணும். நான் மத்தியானத்துக்கு மேல வந்து பாக்கறேன்." அவர் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தார், அதற்குமேல் பேசவில்லை.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மறந்துருச்சா? நேத்துப் பூரா நம்மகூடத்தானுங்க இருந்துச்சு," என்றார் சென்னியப்பன்.

"மறக்கலடா. மறந்த மாதிரி இருக்குது," என்றார் பொங்கியண்ணன். "கோவம். ஊரு பூரா பத்திரிகை வெச்சோமே, இதுக்கு வெச்சோமா?"

அர்த்தநாரி தலையில் கை வைத்துக்கொண்டார். உண்மைதான். வைக்கவில்லை. முறையாக அழைக்காவிட்டால் பங்காளியே முகம் கொடுக்கமாட்டான், மோட்டார் மட்டும் எப்படிக் கொடுக்கும்?

உடனே வீட்டுக்குள் ஓடித் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், மஞ்சள் தடவிய பத்திரிகை எல்லாம் எடுத்து வந்தார்கள். மோட்டார் ஷட்டருக்கு மேலே சுவரில் உயரத்தில் இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி, ரிமோட்டையும் தாம்பாளத்தில் வைத்து, மோட்டாரின் முகத்துக்கு நேரே நீட்டினார் பொங்கியண்ணன்.

"தப்பா நெனச்சுக்கப்படாதுங்க. வேலை மும்முரத்துல விட்டுப்போச்சு. இது நம்ம மகுடீஸ்வரனோட ரிமோட்டுங்க, நாங்க மூணு பேரும் எடுத்துக் குடுத்தது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இன்னைக்கு ஒம்போது டு பத்தரை முகூர்த்தம். நீங்க குடும்பத்தோட வந்திருந்து நடத்திக் குடுக்கணும்."

"குடும்பம் ஏதுங்கண்ணா இதுக்கு?" என்று சென்னியப்பன் காதோரம் கேட்டார்.

"ரைஸ்மில்லுல ஒரு ஷட்டர் இருக்குதல்லடா. சத்தம் போடாத."

மோட்டார் பதில் சொல்லவில்லை. அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"கண்ணு செவந்திருக்குது பாருங்கண்ணா. இன்னும் கோவம் தீரல," என்றார் அர்த்தநாரி.

"மூத்தவன் நான் காலுல உழுந்தர்றேன். காலு எங்க?"

மூவரும் மோட்டாரின் காலைத் தேடினார்கள். ஒரு வயர்தான் தொங்கியது. அது காலா, வாலா என்று பேச்சு வந்தது. வாலில் விழுவது மரியாதையாகாது என்பதால் அது முடிவாகும்வரை பொங்கியண்ணன் ஸ்டூலிலேயே நின்றார்.

இந்த நேரத்தில்தான் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. கல்யாணப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நெற்றிச்சுட்டி காற்றில் ஒருபக்கம் ஒதுங்கியிருக்க, கோகிலவாணி இறங்கினாள். பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே வந்தாள். ஸ்டூல் மேல் ஒருவரும் கீழே இருவருமாக மூவரும் வயரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவளைக் கவனிக்கவில்லை. முன்சீட்டில் பழனிக்குமார் மறுபடியும் தூங்கிப்போயிருந்தார். அவள் காரின் பின்கதவைத் திறந்தாள்.

"எறங்குங்க."

"மாமா இன்னும் தொறக்கல."

"மணி பத்தாகப் போகுது. ஸ்கூட்டியில ஏறுனா இன்னைக்குக் கண்ணாலம். ஏறலீன்னா ஆவணி. அப்பவும் என்னைக் கூட்டிட்டு வர எங்கப்பன் உடமாட்டாரு."

சொன்ன சொல்லைத் தட்டாதவன் மகுடீஸ்வரன். இறங்கினான், ஏறினான். பத்து மணி இருபத்திரண்டு நிமிஷத்துக்கு எட்டு கிலோமீட்டருக்கு அப்பால் தாலி கட்டினான். கோகிலவாணி மெதுவாக, மூணாவது முடிச்சும் போடுங்க என்று சொன்னதால் அதையும் போட்டான். நானும் அந்தப் பந்தியில் சாப்பிட்டேன், சந்தகை அருமை.

ஷெட்டில் யாருக்கும் இது தெரியாது. காரின் கண்ணாடியெல்லாம் கறுப்பு. அர்த்தநாரி இடையிடையே போய்க் கண்ணாடியைத் தட்டி, "இன்னொரு அஞ்சு நிமிசம் பொறுத்துக்க மாப்ள," என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்தார். உள்ளிருந்து மறுப்பு வராததால், பையன் எவ்வளவு பொறுமைசாலி என்று மூவரும் பெருமைப்பட்டார்கள். இவர்கள் போனெல்லாம் சார்ஜ் தீர்ந்து கிடந்தது.

மத்தியானம் ஒரு மணிக்குக் கோகிலவாணி ஸ்கூட்டியை வாசலில் நிறுத்தினாள். மாலையும் கழுத்துமாக மகுடீஸ்வரன் பின்னால் உட்கார்ந்திருந்தான். வெளியே வந்த பொங்கியண்ணன் அவனைப் பார்த்ததும் திடுக்கிட்டுப்போனார்.

"மாப்ள, நீ எப்பிடி வந்த?"

"கண்ணாலம் முடிஞ்சு வந்தேனுங் மாமா."

"அது முடியாதே. நீ இன்னும் கெளம்பவே இல்லியே."

ஷட்டருக்கு முன்னால் ஆலோசனை நடந்தது. புறப்படாத ஒருத்தன் திரும்பி வரமுடியுமா?

"முடியாதுங்கண்ணா. போனாத்தான் வரமுடியும்," என்றார் அர்த்தநாரி.

"இவன் போகல. மாமன் தொறந்து உடாத கதவு வழியாப் போனது போனதுல சேராது," என்றார் பொங்கியண்ணன்.

"ஆனா வந்துட்டானுங்களே," என்றார் சென்னியப்பன். இது நியாயமான கேள்வி. மூவரும் ரொம்ப நேரம் மகுடீஸ்வரனையே பார்த்தார்கள். மகுடீஸ்வரனும் குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டான்.

கோகிலவாணி வரும் வழியில் ஒரு கடையில் நிறுத்திப் புதுப் பேட்டரி வாங்கி வந்திருந்தாள். ரிமோட்டைக் கேட்டு வாங்கினாள்.

"அம்மிணி, அதெல்லாம் பதினொண்ணு போட்டுப் பாத்தாச்சு," என்றார் சென்னியப்பன்.

"எங்க நின்னு அமுக்குனீங்க?"

"வாங்குன கடையிலதான். வேற எங்க அமுக்குவாங்க?"

அவள் பேட்டரியைப் போட்டு ரிமோட்டைப் பொங்கியண்ணன் கையில் கொடுத்தாள். பெருவிரல் மேல் பெருவிரல் ஏறியது. ஷட்டர் கடகடவென்று மேலே போனது!

மூன்று பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அது உண்மையான அழுகை, அதைக் கேலி செய்ய எனக்கே மனசு வரவில்லை. முப்பத்து நாலு வருஷமாக இந்தப் பையனுக்காக ஒரு கதவைத் திறக்கக் காத்திருந்தவர்கள் அவர்கள். கோகிலவாணிக்கும் கண் கலங்கியது. மூவருக்கும் குடிக்க ஏதாவது கொண்டுவரலாம் என்று வீட்டுக்குள் போனாள்.

மோர் கலக்கி அவள் வெளியே வந்தபோது ஷெட் காலியாக இருந்தது. கார் இல்லை, டிரைவர் இல்லை, மாமன்மார் இல்லை, தாலி கட்டிய புருஷனும் இல்லை. நாலு டம்ளர் மோரோடு அவள் வாசலில் நின்றாள். கால் மணி நேரம் கழித்து அவள் போன் அடித்தது. புருஷனின் நம்பர்தான், பேசியது பொங்கியண்ணன். பின்னால் மண்டபத்தைக் கழுவிவிடும் சத்தம் கேட்டது.

"ஏன் அம்மிணி, மாப்பிள்ளை வந்து மணவறையில உக்காந்தாச்சு. ஐயரைக் காணோம், நாதஸ்வரத்தைக் காணோம், உன்னையும் காணோம். நாங்களெல்லாம் காலையில ஏழு மணியில இருந்து கெளம்பிட்டிருக்கறோம். பொண்ணுப் புள்ளை, கண்ணாலத்தன்னைக்காச்சும் நேரத்துக்கு வரவேண்டாமா?"